ஊர்க் குடிநீர்ப் பயனாளிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய சங்கம் செய்த பணிகளின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு செயற்குழுக் கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், ஏழு நடந்தன. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில், கடைசித் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறாதது குறித்து மனுக் கொடுத்தோம். மேல்நிலைத் தொட்டி கழுவும் நாட்களில் ஒருவர் உடனிருந்து பார்த்தோம். உடைந்து கிடந்த இரண்டு வால்வுக் குழிகளுக்கு மூடி போடப்பட்டது. ஏரிக்கரைத் தெரு முனையில் விளக்கு எரிய ஏற்பாடு செய்யப்பட்டது.

இந்த விளக்கைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சில வரிகள் சொல்ல வேண்டும். அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலை நான்கு மணிக்கு. பெண்கள் குடங்களை வரிசை வைத்துவிட்டு இருட்டில் நின்றார்கள். வயது வந்த பெண்பிள்ளைகளை இரண்டு வீடுகளில் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்; அந்த வீடுகளில் பாட்டிமார் குடம் சுமந்தார்கள். வீட்டு வளாகத்துக்குள் தண்ணீர் இல்லாத பத்துக் குடும்பங்களில் ஏழு குடும்பங்களில் பெண்களே தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஒரு விளக்குக்காக நான் எட்டு முறை அலைந்ததை வீண்வேலை என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். விளக்கு எரிந்த மறுவாரம் அந்தப் பெண்பிள்ளைகள் குடத்தோடு வந்து நின்றதை அவர் ஒருநாள் நான்கு மணிக்கு எழுந்து வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, ஊரில் உள்ள அடிபம்புகளின், பொது ஆழ்துளைக் கிணறுகளின் நீரைச் சோதித்து, குடிக்க ஆகுமா ஆகாதா என்று காட்ட வண்ணம் பூசியது. செயலாளர் தன் விருப்பத்துக்குச் செய்த வேலை என்று இதைப் பற்றிப் பேச்சு இருப்பதால் நடந்ததை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

நம் மண்ணுக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரைந்து சேர்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, நாக்கிலும் தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இந்தியத் தர அளவும் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் பல் காவியேறும். ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வரைக்கும்தான் அந்தக் கறை விழுகிறது. விழுந்தபின் எந்தப் பற்பொடியும் போக்காது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிவிடும். நம் ஊரில் குனிந்து களை எடுக்க முடியாமல் நாற்பது வயதில் வீட்டோடு இருப்பவர்களை நான் பெயர் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தத் துயரத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதன் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்பும் இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் மலையேறி நம் ஊர்த் தொட்டிவரை வந்துவிட்டது. தொட்டியிலிருந்து வாய்வரை கொண்டுபோகும் வேலை நம்முடையது. குழாயில் தண்ணீர் வராத நாளில் கை தானாக அடிபம்பைத் தேடிப் போகிறது. எந்தப் பம்பு கெட்டது, எந்தப் பம்பு நல்லது என்று அந்தக் கைக்குத் தெரியவேண்டும் என்பதே நான் நினைத்தது.

யோசனை எனக்குக் கிடைத்தது ஒரு பயிற்சி வகுப்பில். வங்கதேசத்தில் ஆற்று நீரும் குளத்து நீரும் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் இறந்ததால் 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போட்டார்கள். பிறகுதான் அவற்றில் பல கிணறுகளின் நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருப்பது தெரிந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆகாதவற்றுக்குச் சிவப்பு, ஆகும் கிணறுகளுக்குப் பச்சை பூசினார்கள். படிக்கத் தெரியாதவரும் படித்துக்கொள்ளும் எழுத்து அது. பின்னாளில் வண்ணம் மங்கியது, புதிதாகப் போட்ட கிணறுகளைச் சோதிக்க ஆளில்லை, மக்கள் மீண்டும் பழைய நீருக்கே போனார்கள் என்பதையும் அந்த வகுப்பில் சொன்னார்கள். அதனால்தான் ஆண்டுதோறும் பூசவேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னேன்.

சோதனைப் பெட்டி நம் ஊராட்சியில் ஏற்கெனவே இருந்தது. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்பது விதி. நம் ஊரிலும் கற்றார்கள். பெட்டி பீரோவில் இருந்தது. குப்பியில் நீரெடுத்து மருந்தைச் சொட்டினால் இளஞ்சிவப்பு தெரியும். புளோரைடு கூடக்கூட அது மஞ்சளாகும். அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் பதினெட்டுப் பேர். வந்தவர்கள் நால்வர். அவர்களில் மூவர் பெண்கள், அந்த மூவருமே நம் உறுப்பினர் பட்டியலில் இல்லாதவர்கள். பட்டியலில் அவர்கள் கணவன்மார் பெயர் இருக்கிறது. பதினொரு இடங்களில் சோதித்தோம். ஏழு குப்பிகள் மஞ்சளாயின. அந்த ஏழுக்கும் சிவப்பு, மற்ற நான்குக்கும் பச்சை.

சிவப்புப் பூசிய மூன்றாம் நாள் பள்ளிக்கூடத் தெருப் பம்பில் வண்ணம் சுரண்டப்பட்டிருந்தது. மீண்டும் பூசினேன். மீண்டும் சுரண்டப்பட்டது. கோபத்தோடுதான் அந்தத் தெருவுக்குப் போனேன். ஓர் அம்மாள் சொன்னதைக் கேட்டபின் கோபம் நிலைக்கவில்லை. "தம்பி, எங்கள் தெருவில் மூன்று பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள். வருகிற மாப்பிள்ளை வீட்டார் சிவப்பைப் பார்த்தால் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள்" என்றார். தெருக் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டுப் பூசியிருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை. அந்தத் தவறு என்னுடையது. பிறகு மூன்று மாலைகள் அங்கே உட்கார்ந்து பேசினோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும் என்றெல்லாம் விளக்கினோம். முடிவில் பம்பின் தலையில் பூசாமல், அடிமேடையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வட்டம் இடுவதென்று அந்தத் தெருப் பெண்களே முடிவு செய்தார்கள். அந்த வட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் மாதத்தை நம் வட்டத்தில் யாரும் மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துப் போனதை நாடே பார்த்தது. நம் ஊரில் ஓடைப் பாலத்தை ஒட்டிய குழாய் பிய்ந்துகொண்டு போய்விட்டது. சுற்றிலும் வெள்ளம், குழாயில் ஒன்பது நாள் சொட்டு நீர் இல்லை. அந்த ஒன்பது நாளும் பச்சைப் பம்புகள் நான்கைத் தவிர நமக்கு வேறு கதி கிடையாது. அவற்றில் வெள்ளம் சூழ்ந்த ஒன்றை மூடிவைத்து, குளோரின் போட்டுச் சோதித்தபின்தான் திறந்தோம். மூன்று பம்புகளில் தெருவாரியாக நேரம் பிரித்து, வீட்டுக்கு நான்கு குடம் என்று பேரேட்டில் குறித்துக் கொடுத்தார்கள், அந்த மூன்று பெண்கள். ஒரு சண்டை வரவில்லை. சங்கம் என்று ஒன்று இருந்ததன் பொருளை அந்த ஒன்பது நாளில் நான் கண்டேன்.

ஆனால் குழாய் சரியான பிறகும் சில வீடுகள் சிவப்புப் பம்பிலேயே பிடித்துக் குடிக்கின்றன. கேட்டால், குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், பம்பு எப்போதும் இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். தொட்டிக்கு அருகில் உள்ள சில வீடுகளில் தெருக்குழாயோடு மோட்டார் இணைத்து உறிஞ்சுவதால்தான் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. அவ்வாறு உறிஞ்சும் வீடுகளில் நம் உறுப்பினர் வீடுகளும் உண்டு. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை. அவர்கள் மேல்தெருவில் அழுத்தும் பொத்தான் ஏரிக்கரைத் தெருப் பிள்ளையின் பல்லில் கறையாக விழுகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அரசு கணக்கிட்டு அனுப்பும் நீரில் ஏரிக்கரையின் பங்கும் இருக்கிறது.

சந்தா நிலவரம். மாதம் இருபது ரூபாய். பாதிக்கும் மேற்பட்டோர் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. அவர்களில் சிலர் ஊருக்கு வந்த அன்றே மொத்தமாகக் கட்டிவிட்டார்கள். ஊரிலேயே இருந்து, டீக்கடையில் நின்று, சங்கம் என்ன செய்தது என்று கேட்பவர்களிடமே பாக்கி மிகுதி. வங்கதேசக் கதையும் ஆப்பிரிக்கக் கதையும் நமக்கு எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நாம் அடிக்கும் இந்தியா மார்க் 2 பம்பு 1970களில் யூனிசெஃப் உதவியோடு உருவாகி, கோவைப் பக்கத்தில் சோதிக்கப்பட்டு, பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது. அங்கே பல ஊர்களில் பம்புகள் பழுதாகி நிற்கின்றன. வாஷர் மாற்றவும் கம்பி மாற்றவும் ஊரில் பணமோ பழுது பார்க்கத் தெரிந்த ஆளோ இல்லாதது அதற்கு முக்கியக் காரணம். இருபது ரூபாய்க்கு நான் ஏன் வீடுவீடாக வருகிறேன் என்பதற்கு அதுவே பதில்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா, நன்கொடை ஆகியவற்றால் வந்த தொகை பெயிண்ட், வாஷர், மூடி, பயணச் செலவு ஆகியவற்றுக்குச் சரியாகப் போய்விட்டது. கையிருப்பு சிறிதளவே. பற்றாக்குறைக்கு நான் கைப்பணம் போட்ட தொகையைக் கணக்கில் கடனாகக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இடம் தந்த பள்ளித் தலைமையாசிரியருக்கும், தொட்டி இயக்குபவருக்கும், அங்கன்வாடிப் பணியாளருக்கும், வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கிறது. குழாய் உடைந்தால் கதவைத் தட்ட நம் ஊரிலேயே ஓர் ஊராட்சித் தலைவர் வீடு இப்போது இல்லை. இந்த நேரத்தில் சங்கமும் பேருக்கு இருந்தால் போதாது. குடும்ப உறுப்பினர் இடத்தை வீட்டுப் பெண் பெயருக்கு மாற்றலாம் என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். சோதித்த மூன்று பெண்களைச் செயற்குழுவில் சேர்க்கவேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம். எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, விடியற்காலைப் பனி முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. தகுந்தவர் யாரேனும் முன்வந்தால் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஒருவரும் முன்வராவிட்டால் தொடர்வேன். ஆனால் பாக்கிச் சந்தா வராமல் தொடர முடியாது.

சோதனை மருந்தின் காலாவதி செப்டம்பர் மாதத்தில் முடிகிறது. சிவப்பு பெயிண்ட் அரை டப்பா மீதி இருக்கிறது, பச்சை தீர்ந்துவிட்டது. ஜூன் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் முன்பிருந்து புறப்படுகிறோம். பெயர் கொடுப்பவர்கள் இன்றே பதிவேட்டில் கையெழுத்திடவும்.

இப்படிக்கு,
செயலாளர்