ஊசி, தூக்குவாளி, ஒரு நாற்பது பக்க நோட்டு: எங்கள் தெருவுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவில் உள்ள எல்லாருக்கும், வகுப்பு டீச்சருக்கும், மருந்துக்கடை அண்ணனுக்கும், ஆட்டோ அண்ணனுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் தாய்க்குப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்தது. அட்ரியாமைசின் சேர்ந்த மருந்து 21 நாளைக்கு ஒருமுறையாக நாலு தடவை, பிறகு பாக்லிடாக்சல் வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. இந்த ஐந்தரை மாதத்தில், டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசியில் ஏற்ற வேண்டிய நோய்) உள்ள ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளை ஊசிகூடத் தவறவில்லை. வெறுமனே 'உதவினார்கள்' என்று எழுதினால் நீங்கள் செய்ததில் பாதிகூட வெளியே தெரியாது. அதனால் எதை எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கும் பயன்படட்டும்.

சிக்கல் இதுதான். மருந்து ஏறி ஒரு வாரம் கழிந்தால் தாய்க்கு, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். பதினாலாம் நாள்வரை கவனம் வேண்டும். அந்த நாளில் பிள்ளைக்குச் சளி காய்ச்சல் என்றால் இருவரையும் பிரித்து வைக்க வேண்டும். ஆனால் காய்ச்சலில்தான் பிள்ளைக்குச் சர்க்கரை எகிறும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், விரலில் குத்திப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் ஊசி போடத் தெரிந்த ஒரே ஆள் தாய். 'பிள்ளையை நாங்க பாத்துக்கிறோம்' என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். ஊசி பழக உட்கார்ந்தது எதிர்வீட்டு அத்தையும் மாடிவீட்டு அக்காவும்.

முதல் கீமோவுக்கு முன்பே பத்து நாள் சாத்துக்குடியில் குத்திப் பழகினார்கள். பிள்ளைக்கு இரண்டு வகை இன்சுலின்: வேகமாக வேலை செய்யும் தெளிந்த மருந்து, மெதுவாக வேலை செய்யும் கலங்கல் மருந்து. கலங்கல் மருந்துப் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது, குலுக்காமல் இருப்பது. நுரை வந்தால் அளவு தப்பும். இரண்டு பாட்டிலுக்கும் காற்றை ஏற்றிவிட்டு, தெளிந்த மருந்தை முதலில் 4 யூனிட், அதன்மேல் கலங்கல் 8, ஆக 12-ஆம் கோட்டில் நிற்க வேண்டும். வரிசை மாறினால் கலங்கல் மருந்து தெளிந்த பாட்டிலுக்குள் கலந்து அந்தப் பாட்டிலே வீணாகும். ஒருவர் இழுத்தால் மற்றவர் கோட்டைப் பார்த்த பிறகே குத்துவது என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். குத்தியதும் நோட்டில் நேரமும் கையெழுத்தும். நோட்டு இல்லாவிட்டால் 'நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன்' என்று ஒரு வேளை விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை ஏறிவிடும். இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்து. பாக்லிடாக்சலில் தாயின் விரல் நுனி மரத்து, டப்பாவிலிருந்து சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்றைப் பிரித்தெடுக்கவே முடியாமல் போனபோது, இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

பிள்ளை வாந்தி எடுத்த அன்று 'சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு' என்று கேட்டவர்களுக்கு அத்தை மசியவில்லை. சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும், அது ஆபத்து. எவ்வளவு குறைக்கலாம் என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் போட்டார்.

மருந்துக்கடை அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வெளியூரில் ஒரு கடையில் வாங்கிய ஊசிகளின் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர். நம் பாட்டில் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 12 கோடு இழுத்தால் பிள்ளைக்குப் போவது ஐந்து யூனிட்கூட இல்லை. இதையே மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் 12-க்கு 30 யூனிட் ஏறும்; நினைக்கவே பயமாக இருக்கிறது. பாட்டிலைத் திறந்த தேதியை லேபிளில் எழுதச் சொன்னவரும் அவரே. கலங்கல் மருந்து எல்லா வேளையும் சேர்த்து நாளுக்கு 12 யூனிட் என்றால் 400 யூனிட் பாட்டில் 33 நாள் வரும். ஆனால் திறந்து 28 நாள் ஆனால் மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சித்திரை வெயிலில் கரண்ட் போனபோது பெரிய சட்டியில் ஈரமணல் பரப்பி, உள்ளே சின்னச் சட்டி வைத்து, மருந்தைக் காத்துக் கொடுத்த மாடிவீட்டுத் தாத்தாவுக்கும் நன்றி.

சாப்பாட்டு முறை போட்டுக்கொண்ட ஒன்பது வீட்டுக்காரர்களே, காலை ஏழு மணிக்கு 'தூக்கு கிளம்பிருச்சு' என்று போன் போட்டீர்களே, அதன் அருமை அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். ஊசி போட்டு அரைமணி நேரத்தில் பிள்ளை சாப்பிட வேண்டும். ஊசி போட்டபின் இட்லி தாமதமானால் சர்க்கரை கீழே போய்விடும். அதனால் போன் வந்த பிறகுதான் ஊசி. ஊசி அளவுக்கு ஏற்ற சாப்பாடு வேண்டும் என்பதால், எல்லா வீட்டிலும் ஒரே அளவுக் குழித்தட்டில் இட்லி ஊற்ற வேண்டும் என்றதும் முகம் சுளிக்காமல் செய்தீர்கள். தாய்க்கு அப்போதே சமைத்துச் சூடாக; நறுக்கி வைத்த பழமோ பச்சைக் காயோ வேண்டாம் என்பதையும் யாருக்கும் இரண்டாம் முறை சொல்ல நேரவில்லை. உள்ளே வந்து விசாரிக்காமல் திண்ணையில் தூக்கை வைத்துவிட்டுப் போனீர்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்த சொந்தங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தத் திண்ணைதான் பேருதவி.

டீச்சர் மேஜை இழுப்பறையில் சர்க்கரை டப்பா வைத்திருந்தார். பிள்ளையின் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. சாக்லேட் கூடாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று ஆயாம்மாவுக்கும் சொல்லி வைத்திருந்தார். வகுப்பில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டதும் அன்றைக்கே போனில் தகவல் சொன்னார். அதனால் கீமோ டாக்டரிடம் உடனே கேட்க முடிந்தது.

ஆட்டோ அண்ணே, ராத்திரி இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் 100.4 காட்டியபோது, காலையில் பார்க்கலாம் என்று நீங்களும் சொல்லவில்லை. கீமோவில் இருப்பவர்களுக்கு அந்தக் காய்ச்சல் அவசர கேஸ்; பாராசிட்டமால் போட்டு அமுக்கி வைக்கக் கூடாது. ரயில் சலுகைப் படிவத்தில் ஆஸ்பத்திரிக் கையெழுத்து வாங்கி, கவுன்ட்டரில் வரிசையில் நின்ற தம்பிக்கும் நன்றி. பொதிகை எக்ஸ்பிரஸில் மூன்றடுக்கு ஏசியில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்குக் கால் பங்குதான் என்பதே அவன் சொல்லித்தான் தெரியும்.

அடுத்து ரேடியேஷன், திங்கள் முதல் வெள்ளி வரை மதுரைக்குப் போய்வர வேண்டும். காலை ஊசியை அத்தை தொடர்ந்து போடுகிறேன் என்றிருக்கிறார். சாப்பாட்டு முறையை மட்டும் நிறுத்திக்கொள்வோம். உங்கள் தூக்குகள் ஏழு இங்கே கழுவிக் காயவைத்திருக்கின்றன. ஐந்தில் பெயர் வெட்டியிருக்கிறது. பெயர் இல்லாத இரண்டும் யாருடையவை என்று சொல்லுங்கள், பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறோம்.