தொங்கிக்கொண்டிருந்த ரெசீவ்: உதவியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். லாரி எடைமேடைக் கருவியிடமிருந்து நெட்வொர்க் இணைப்பு வழியாக எடையை வாங்கும் எங்கள் சி மொழி புரோகிராம் திடீர் திடீரென்று அப்படியே நின்றுபோகுமே, அது சரியாகிவிட்டது. மொத்தமாக ஒரு நன்றி சொல்லி முடிக்க மனசு வரவில்லை, யார் எதைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்று எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி எஸ்ட்ரேஸ் (புரோகிராம் இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் கருவி) போட்ட அக்காவுக்கு. நாங்கள் லாக்கைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் ஓடுகிற புராசஸிலேயே அதை மாட்டினார். திரையில் ரெசீவ் (இணைப்பிலிருந்து தரவை வாங்கும் அழைப்பு) என்று ஒரே வரி, அடைப்புக்குறிகூட மூடாமல் நின்றது, அதாவது அந்த அழைப்பு இன்னும் முடியவில்லை. எதிர்முனையில் கரண்ட் போனால் இணைப்பை முடிக்கும் ஃபின் பாக்கெட் வராது, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கோ இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நினைப்பு, அதனால் ரெசீவ் காத்துக்கொண்டே கிடக்கும். கீப்அலைவ் (எதிர்முனை இருக்கிறதா என்று சும்மா இருக்கும் இணைப்பைச் சோதிக்கும் வசதி) போட்டாலும், மாற்றாமல் விட்டால் லினக்ஸில் முதல் சோதனைப் பாக்கெட் போகவே 7200 விநாடி. அதுவரை லாரி மேடையில் நிற்குமா?

இணைப்பின் அமைப்புகளை மாற்றும் செட்சாக்ஆப்ட்டில் 5 விநாடி டைம்அவுட் வைத்துவிட்டு கிளம்பத் தயாரானபோது, "தம்பி, அது ஒவ்வொரு ரெசீவுக்கும் தனித்தனி" என்று நிறுத்திய அண்ணனுக்குப் பெரிய கும்பிடு. சொன்னதோடு விடாமல், 4 விநாடிக்கு ஒரு பைட் மட்டும் அனுப்பும் குட்டி புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டார். 20 பைட் செய்தி வந்துசேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, டைம்அவுட் ஒருமுறைகூட அடிக்கவில்லை! இந்த இணைப்பை நடத்தும் நெறிமுறையான டிசிபிக்குத் தெரிந்தது பைட் ஓட்டம்தான், செய்தி எங்கே முடிகிறது என்பது நம் கவலை. இப்போது தொடங்கும்போதே மோனோடோனிக் (பின்னோக்கிப் போகவே போகாத) கடிகாரத்தில் கெடுவைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமிருக்கும் மில்லிவிநாடியை மட்டும், தரவு வருகிறதா என்று அந்த நேரம்வரை காத்துப் பார்க்கும் 'போல்' (poll) அழைப்புக்குக் கொடுக்கிறோம். சாதாரணக் கடிகாரத்தை, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி முன்னும் பின்னும் நகர்த்திவிடும், நம்ப முடியாது.

அப்புறம் ரிவ்யூவில் "பூஜ்யம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் எழுதியவருக்கு. ரெசீவ் 0 தந்தால் எதிராளி இணைப்பை மூடிவிட்டார். மைனஸ் 1 என்றால் என்ன பிழை என்று சொல்லும் எர்ர்நோ எண்ணைப் பார்க்க வேண்டும், சிக்னல் குறுக்கிட்டதற்கெல்லாம் இணைப்பை வெட்டக் கூடாது. பழைய கோடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பிழை' என்று எழுதிக்கொண்டிருந்தது.

லினக்ஸ் கையேடான மேன் பக்கங்களைப் பல ஆண்டுகள் பராமரித்த மைக்கேல் கெரிஸ்க்குக்கும் அவருடன் உழைத்தவர்களுக்கும் நன்றி. படிக்கத் தயார் என்று கெர்னல் சொன்ன பிறகும், செக்சம் (தரவு சேதமாகவில்லை என்று சரிபார்க்கும் எண்) தப்பான பாக்கெட் தூக்கியெறியப்பட்டால் ரீட் மாட்டிக்கொள்ளலாம் என்பது போலைப் போன்ற இன்னொரு அழைப்பான செலக்டின் பக்கத்தின் அடியில் இருக்கிறது. சாக்கெட்டை (இணைப்பின் நம் பக்க முனையை) நான்-பிளாக்கிங், அதாவது தரவு இல்லாவிட்டால் காத்திராமல் உடனே திரும்பும்படி ஆக்கியது அதைப் படித்துத்தான்.

முகம் சுளிக்காமல் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்ட ஆபரேட்டர் அண்ணாவுக்கும் நன்றி. அந்த ஒரு பைட் புரோகிராமை டெஸ்ட் ஃபோல்டரில் போட்டிருக்கிறேன், யாரும் அழித்துவிடாதீர்கள்.