முட்டுக்கட்டை போட்டவருக்கு நன்றி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தின் மேல் டிவிசன் மக்களுக்கும், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தப் பெரியவருக்கும், படப்பிடிப்புக் குழுவினர் எழுதுவது.

படப்பிடிப்பில் காலில் அடிபட்ட தம்பி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோலோடுதான் வந்தார், ஆனால் தன் காலால் படியேறினார். இதைச் சொன்ன பிறகுதான் மற்றதை எழுதக் கை வருகிறது.

அன்று மாலை துணிச் சட்டம் காற்றில் சாய்ந்து தம்பி அடிபட்டதை ஊரே அறியும், மறுபடி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. தவறு குழுவினுடையது என்பதை மட்டும் எழுத்தில் வைக்கிறோம். வெளிச்சத்தை மட்டுப்படுத்தத் தாங்கியில் ஏற்றும் 8 அடிக்கு 8 அடி துணிச் சட்டம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று அதை ஏறக்குறைய 50 கிலோ பாரத்தோடு தள்ளும். அந்தத் தள்ளல் 12 அடி உயரத்தில் விழும்போது, தாங்கியின் காலில் வைத்த 10 கிலோ மணல் மூட்டை எதையும் பிடித்து நிறுத்தாது. காற்று வரும் பக்கத்தில் முளை அடித்து, சட்டத்தின் மேல் மூலைகளிலிருந்து கயிறு இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். கயிறு வண்டியில் இருந்தது, கட்டச் சொல்ல ஆள் இல்லை. தேயிலை மலையில் காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பள்ளத்தில் இலை அசையாத நேரத்தில்கூட மேட்டு விளிம்பில் அடிக்கும்.

கம்பளியில் தம்பியைக் கிடத்தி ஒற்றையடிப் பாதையில் இறக்கிய ஆறு பேருக்கும், கால் அசையாதபடி கொழுந்துக் கூடையின் மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டிய டிஸ்பென்சரி ஐயாவுக்கும், 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியில் வந்தவர்களுக்கும், அந்த ஒடுங்கிய வளைவில் பஸ்ஸைப் பின்னால் எடுத்து வழிவிட்ட சாரதிக்கும், வைத்தியசாலையில் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற தம்பிமாருக்கும், அன்றிரவு எல்லாருக்கும் பிளேன்டீயும் ரொட்டியும் தந்த லயத்து வரிசை வீடுகளின் அக்காமாருக்கும் எங்கள் வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுதினாலும் தகும்.

ஆனால் இந்த மடல் வேறொன்றுக்காக எழுதப்படுகிறது. நடந்த விபத்தை எல்லாரும் பார்த்தார்கள். நடக்காமல் போன இரண்டாவது விபத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

மறுநாள் காலை ஜெனரேட்டர் லொறியை எடுக்கப் போனபோதுதான் அது தெரிந்தது. வலது பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டை இருந்தது. அது குழுவின் கட்டை அல்ல. அதன் சரிந்த முகம் நசுங்கியிருந்தது. அடியில் ஆணி அடித்திருந்த சாக்கு கிழிந்து, தார் வீதியில் நான்கு விரல் நீளத்துக்கு இழுபட்ட தடம். இடது பின் சக்கரம் நின்ற சேற்றில் வேறொரு தடம்: டயர் பின்பக்கமாகச் சுற்றிக் கிளறிய பள்ளம்.

இந்த இரண்டு தடங்களும் சேர்ந்து முழுக் கதையையும் சொல்கின்றன. லொறி முகம் கீழே பார்த்து நின்றது. ஜெனரேட்டரோடு சேர்த்து ஏறக்குறைய 8 டன். வீதி அந்த இடத்தில் 8 அடிக்கு 1 அடி இறங்குகிறது. அப்படியென்றால் லொறியைக் கீழே இழுக்கும் பாரம் கிட்டத்தட்ட 1 டன், அது இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கை பிரேக் போட்டிருந்தது, கியரிலும் விட்டிருந்தது. இரண்டும் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

போதாது. சாரதிமார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விசயம் இது. சிறிய ஜப்பான் லொறிகள் பலவற்றில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டான புரொப்பெல்லர் சாப்டைப் பிடிக்கிறது. சாப்டுக்கும் சக்கரங்களுக்கும் இடையில் டிபரன்சல் இருக்கிறது, இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதி அது. சாப்ட் அசையாமல் நின்றாலும், ஒரு சக்கரம் முன்னால் உருண்டால் மற்றது பின்னால் சுற்ற டிபரன்சல் இடம் கொடுக்கும். இரண்டு டயரும் தாரில் கெட்டியாக நிற்கும்வரை இது வெளியே தெரியாது. ஒன்று சேற்றில் நின்றால், அது வழுக்கிப் பின்னால் சுற்ற, தாரில் நிற்கும் சக்கரம் முன்னால் உருளும். பிரேக் புதிதாக இருந்தாலும் லொறி இறங்கிவிடும். கியரில் விட்டதும் அதே சாப்டைத்தான் பிடிக்கிறது, ஆகவே அதுவும் உதவாது. பனியில் நனைந்த வீதியோரம், மணிக்கணக்காக நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஜெனரேட்டர் இயந்திரத்தின் அதிர்வு, டயருக்கு அடியில் மெல்ல மெல்ல இளகும் மண். இவ்வளவு சேர்ந்தால் போதும்.

லொறி அசைந்த நேரம் எது என்று உறுதியாகத் தெரியாது. இயந்திரம் நின்ற பிறகு அதிர்வு இல்லை. ஆகவே அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அசைந்திருக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்த ஆள் திரும்பிப் போனது சுவசெரிய புறப்பட்ட பிறகு. அதற்குமுன் கம்பளியோடு ஆறு பேர் இறங்கிய பாதை அந்த லொறிக்கு நேர் கீழே. அதற்கும் கீழே லயத்து முற்றம்.

அந்தக் கட்டையை வைத்தவர், கொழுந்து லொறியில் பல வருசம் உதவியாளராக ஓடி ஓய்ந்த பெரியவர். யாரும் கேட்கவில்லை. சாரதியிடம் சொல்லியிருக்கிறார், "பிரேக்கு இருக்கு ஐயா" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தன் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். நன்றி சொல்லப் போனபோது அவர் சொன்னது: "ஒங்க பிரேக்கு ஒங்களுக்கு. கீழ வெளாடுறது எங்க புள்ளைங்க தம்பி."

அந்தக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வாழ்நாள் தொழில் இருக்கிறது. பழைய ரயில் சிலிப்பர் கட்டையில் வெட்டியது, பாரத்துக்குப் பிளக்காது. உயரம் டயர் உயரத்தில் கால்பங்கு. அதைவிடக் குறைந்தால் டயர் ஏறிக் கடந்துவிடும். டயரைத் தொடும் முகம் நேராகச் சீவாமல், டயரின் வளைவுக்குச் சற்றுக் குழிவாகச் சீவியது. அடியில் இரட்டைச் சாக்கு, ஈரத் தாரில் மரம் வழுக்காமலிருக்க. வைத்த இடமும் கவனிக்க வேண்டியது. சேற்றுப் பக்கம் வைத்திருந்தால் கட்டையே சேற்றோடு வழுக்கிப் போயிருக்கும். தார்ப் பக்கத்துச் சக்கரத்துக்கு, டயரின் நடு அகலத்தில், இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்திருக்கிறார். அந்தச் சக்கரம் உருள முடியாமல் போனதும் சேற்றில் நின்ற சக்கரத்தாலும் சுற்ற முடியாது. பயனற்றுப் போயிருந்த கை பிரேக் மறுபடி பிரேக்காகிவிடுகிறது. ஒரே ஒரு கட்டை 8 டன்னைப் பிடித்த காரணம் இதுதான். கட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையைச் சாரதியின் கதவுக் கைப்பிடியில் முடிந்திருந்தார், கட்டையை எடுக்காமல் யாரும் ஏறிவிடக் கூடாது என்று. கல் வைக்காதது ஏன் என்று கேட்டதற்கு, உருண்டைக் கல் டயரோடு சேர்ந்து உருளும், எடுக்க மறந்து போனால் ராத்திரியில் மோட்டார் சைக்கிள்காரன் விழுவான் என்றார். மலைநாட்டு வளைவுகளில் நடு வீதியில் கிடக்கும் கற்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வேலையைத் தடுக்கிறவரை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஏசுவது நம் வழக்கம். படப்பிடிப்புத் தளத்தில் இந்த ஏச்சுக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை. வெளிச்சம் போகிறது, நடிகர் காத்திருக்கிறார், ஜெனரேட்டர் வாடகை ஏறுகிறது. அந்த நேரத்தில் "நிறுத்துங்கள்" என்று சொல்ல நாள் சம்பளத்துக்கு வந்த பையனுக்கு நாக்கு எழாது. 2014 பெப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அனுமதி இல்லாமல் ரயில் பாலத்தில் கட்டிலைப் போட்டுப் படம் பிடித்தபோது ரயில் வந்து, 27 வயதுக் கமரா உதவியாளர் ஒருவர் இறந்தார். இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார். 2020 பெப்ரவரி 19 இரவு சென்னைக்கு அருகே கிரேன் சாய்ந்து மூவர் இறந்தார்கள். 2021இல் நியூ மெக்சிக்கோவில், துப்பாக்கியில் ஆபத்தில்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள், உள்ளே உண்மைத் தோட்டா இருந்தது, ஒளிப்பதிவாளர் இறந்தார். நாடும் காரணமும் வேறு வேறு. ஆனால் எல்லா இடத்திலும் ஒருவர் ஒரு நிமிடம் தடுத்திருந்தால் அந்த உயிர்கள் இருந்திருக்கும்.

தடுத்த கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1957 மார்ச்சில் கித்துல்கலவில், ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக, களனி கங்கைக்குக் குறுக்கே கட்டிய பாலத்தை ரயிலோடு தகர்க்கும் காட்சியை இயக்குநர் டேவிட் லீன் எடுத்தார். ஒவ்வொரு கமராக்காரரும் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் தன் விளக்கைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ரயில் வந்துகொண்டிருந்தது, ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயில் பாலத்தைக் கடந்து அப்பால் போய் மோதியது. அந்தக் கமராக்காரர் விளக்கைப் போடத்தான் மறந்திருந்தார், ஆள் பத்திரமாக இருந்தார். பிறகு ரயிலைத் தூக்கி நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். ரயிலை மறுபடி ஒழுங்குபடுத்த முடிந்தது.

பெரியவரே, உங்கள் வேலையை நீங்கள் செய்யவில்லை, எங்கள் வேலையைச் செய்தீர்கள். அது எங்களுக்கு உறைக்கிறது. ஆகவே இந்த மடலில் சிலவற்றை எல்லார் முன்பாகவும் எழுதிக் கொடுக்கிறோம், தவறினால் நீங்கள் கேட்கலாம். இனி ஒவ்வொரு வண்டியோடும் நான்கு கட்டைகள் வரும், உங்கள் அளவில், உங்கள் சாக்கோடு. சரிவில் நிற்கும் வண்டிக்குக் கீழே சாப்பாடோ பாதையோ கூடாரமோ இருக்காது. முன் சக்கரம் மேட்டுப் பக்கம் திருப்பித்தான் வண்டி நிற்கும். துணிச் சட்டத்துக்குக் கயிறு கட்டும்வரை கமரா ஓடாது. தோட்டத்துக்குள் போகும் முதல் நாள், அந்த இடத்துச் சரிவையும் காற்றையும் குளவிக் கூடுகளையும் அறிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவோம். அவர் நிறுத்தச் சொன்னால் இயக்குநரும் நிறுத்துவார். ஏன் என்று பிறகுதான் கேட்பார். அவர் பெயர் நாளாந்த வேலைத் தாளில் முதல் வரியில் இருக்கும்.

உங்கள் கட்டை எங்களிடம் இருக்கிறது ஐயா. கிழிந்த சாக்கை மாற்றிவிட்டோம். நசுங்கிய முகத்தைச் சீவலாமா என்று தச்சர் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தம்பி ஊன்றுகோலை விட்டதும் அவரே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார்.