எந்த நடனம் என்று கேட்டாயே

அன்புள்ள கண்மணிக்கு,

நலம். அம்மாவும் நலம். போன வாரம் போனில், "அப்பா, ஜோடி நடனம் கத்துக்கலாம்னு இருக்கேன். சல்சாவா, டாங்கோவா, ஸ்விங்கா?" என்று கேட்டாய். நான் ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

முதலில் எங்கள் கதை. ஐம்பத்தெட்டு வயதில் நானும் அம்மாவும் டாங்கோ வகுப்பில் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஏன் டாங்கோ? மேடையில் ஒரு நிகழ்ச்சி பார்த்தோம். அந்தப் பெண் காலை வீசிய வேகத்தில் சொக்கிப்போனோம், அவ்வளவுதான். முதல் வகுப்பில் நடக்கச் சொன்னார்கள். இரண்டாவதிலும் நடந்தோம். நாலாவது வாரமும் நடைதான். "நடக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டினேன்?" என்றாள் அம்மா.

மேடை டாங்கோ வேறு, கூடத்தில் ஆடுவது வேறு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மிலோங்கா என்கிற ஆட்டக் கூட்டத்தில் ஜோடிகள் எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரிசையாகச் சுற்றிவருவார்கள். நெரிசலில் காலை வீசினால் அடுத்தவர் முழங்கால் போய்விடும். அணைத்தபடி நடப்பது, நிற்பது, உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, இதுதான் ஆட்டம். மனப்பாட வரிசை கிடையாது, எல்லாம் அந்த நொடியில் தோன்றுவது. அதனால்தான் அந்த நடைக்கு அவ்வளவு மாதம் ஆகிறது. அருமையான நடனம்தான். ஆனால் முதல் வருடம் கஞ்சத்தனமாகத்தான் கொடுக்கும். ஆறாவது படிக்கும்போது "இன்னும் ஒரு பாட்டு கூட வாசிக்க வரலையே" என்று வயலினை மூலையில் வைத்தவள் நீ. டாங்கோ கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

சல்சா அப்படியில்லை. எட்டு எண்ணிக்கை, ஒன்று இரண்டு மூன்று, ஐந்து ஆறு ஏழு என்று கால் வைக்கிறோம், நான்கிலும் எட்டிலும் வைப்பதில்லை. கேட்க எளிது. ஆனால் பாட்டு வேகம், தாள வாத்தியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். 'ஒன்று' எங்கே என்று பிடிக்கவே சிலருக்கு மாதக்கணக்காகும். சேரும் முன் ஒன்று கேட்டுக்கொள்: அங்கே சொல்லித்தருவது ஒரே கோட்டில் போய்வரும் பாணியா, ஒருவரையொருவர் சுற்றிவரும் கியூபப் பாணியா? கோட்டுப் பாணியிலும் முதல் எண்ணிக்கையில் தொடங்குவது, இரண்டாவதில் தொடங்குவது என்று பிரிவு உண்டு. புதிதாக வருபவர்கள் இரண்டு இடங்களில் இரண்டையும் கற்றுக்கொண்டு குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

சீக்கிரம் ஆட வேண்டுமென்றால் பச்சாட்டா. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. மூன்று அடி, நான்காவதில் ஒரு தட்டு. சில வாரங்களிலேயே துணிந்து ஆடலாம். இப்போது பல இடங்களில் உடலை ஒட்டி வளைத்து ஆடும் வகைதான் ஓடுகிறது. அது உனக்குச் சரிப்படுமா என்று நேரில் பார்த்து முடிவு செய். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் மாதிரியான பால்ரூம் நடனங்கள், பாடத்திட்டம் போட்டுப் படிக்கப் பிடித்தவர்களுக்கு. நீ அந்த ரகமில்லை.

டாங்கோவை விட்டு வந்த எங்களைக் காப்பாற்றியது லிண்டி ஹாப். நியூயார்க்கின் ஹார்லெமில் 1926-இல் திறந்த சவாய் பால்ரூமில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த, ஜாஸ் இசைக்கு ஆடும் ஸ்விங் நடனம். அங்கே ஆடிய ஃபிராங்கி மேனிங், பிறகு ஆட்டத்தை விட்டுத் தபால் துறை வேலைக்குப் போய்ப் பல வருடம் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவரை 1980-களில் இளைஞர்கள் தேடிப்பிடித்து மறுபடி சொல்லித்தர வைத்தார்கள். 2009-இல் சாகும்வரை ஓயவில்லை. இதைக் கேட்டபோது எனக்குப் பென்ஷன் வயதெல்லாம் ஒரு வயதா என்று தோன்றியது. அப்புறம், இதில் தப்பு செய்தால் இரண்டு பேரும் சிரிக்கிறோம். டாங்கோவில் தப்பு செய்தால் நான் மன்னிப்புக் கேட்பேன், அம்மா முறைப்பாள்.

ஆனால் அதற்காக நீயும் லிண்டி ஹாப்தான் ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. பாத்திரம் கழுவும்போது எந்தப் பாட்டைப் போட்டுக்கொள்கிறாய்? ஆட்டக் கூட்டம் என்றால் மூன்று மணி நேரம் அதே இசை. வகுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் சில வருடம் அந்த இசையோடுதான் குடித்தனம். இரண்டு வாரம் சல்சாவை மட்டும் கேள், அப்புறம் இரண்டு வாரம் ஸ்விங். எது சலிக்கவில்லையோ அதுதான். வீடியோவில் எது அழகாக இருக்கிறது என்று பார்க்காதே. அது நாங்கள் செய்த தப்பு.

பணம் கட்டும் முன் அவர்களுடைய ஆட்டக் கூட்டத்துக்கு ஒரு முறை போய்ச் சும்மா உட்கார். நன்றாக ஆடுபவர்கள் புதியவர்களை எழுப்பிக்கொண்டு போகிறார்களா, இல்லை தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறார்களா? ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் முகம் சுளிக்காமல் நகர்கிறாரா? வாரம் ஒரு நாளாவது ஆட இடம் இருக்கிறதா? வகுப்பில் கற்றதை ஆட இடமில்லையென்றால் ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

லீட் செய்யப் போகிறாயா, அதாவது ஜோடியை வழிநடத்தப் போகிறாயா, இல்லை ஃபாலோ செய்து அவர் வழியில் போகப் போகிறாயா என்று கேட்பார்கள். பெண் என்றால் ஃபாலோதான் என்று சட்டமில்லை. லீட் செய்பவருக்கு முதல் சில மாதம் கஷ்டம். தன் கால், தாளம், அடுத்தது என்ன, பின்னால் யார் வருகிறார்கள், எல்லாம் ஒரே சமயத்தில். ஃபாலோ செய்பவர் சீக்கிரம் ஆடிவிடலாம், ஆனால் எதிராளி சொல்லும் முன்பே ஊகித்து ஓடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். உன் அவசரத்துக்கு, அது உனக்கு நிச்சயம் வரும்.

ஜோடி மாற்றி மாற்றி ஆடவைக்கும் வகுப்பாகப் பார். நாங்கள் மாற மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தோம். ஒவ்வொரு வகுப்பு முடிந்தும் வண்டியில் சண்டை. கடைசியில் மாறிய அன்று நான்கு பெண்கள் வரிசையாக, "கையை இவ்வளவு இறுக்காதீங்க" என்றார்கள். அம்மா அதையேதான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடனச் செருப்பெல்லாம் இப்போது வாங்காதே. அடிப்பாகம் வழுக்கலான பழைய ஜோடி போதும். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். சுழலும்போது முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

மூன்று வருடம் கழித்து நாங்கள் டாங்கோவுக்குத் திரும்பிவிட்டோம். இப்போது அம்மா லீட் செய்கிறாள். நீ வரும்போது ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி வைக்கிறேன், அவளோடு ஒரு பாட்டு நடந்து பார்.

அன்புடன்,
அப்பா