நாகேஷின் கால்களை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களின் நெகட்டிவ் உரிமையாளர்களுக்கும், அவற்றை ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும், இணையத்தில் ஏற்றும் நிறுவனங்களுக்கும், தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

2033 செப்டம்பர் 27 அன்று நாகேஷ் பிறந்து நூறு ஆண்டு நிறைகிறது. அதையொட்டிச் சிறப்பு மலர்கள் வரும், விழாக்கள் நடக்கும். எங்கள் கவலை வேறு. அன்றைக்கு ஓர் அரங்கில் ‘சர்வர் சுந்தரம்’ போட்டால், 1964ல் ஜனங்கள் பார்த்த அதே நாகேஷைக் காட்ட நம் கையில் என்ன இருக்கும்? இன்று வீடுகளில் ஓடும் பிரதிகள்தான் மிஞ்சும் என்றால், முழங்காலுக்குக் கீழே இல்லாத, நான்கு சதவீதம் வேகமாகப் பேசுகிற, முகத்தில் தழும்பே இல்லாத ஒரு மனிதரைத்தான் காட்ட முடியும். இந்த மூன்றும் எப்படி நடக்கின்றன, எப்படித் தடுப்பது என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் கால். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ‘ராஜராஜ சோழன்’ 1973ல் வந்தது. அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவி 16க்கு 9. பக்கத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் பார்ப்பவர் புகார் சொல்வார் என்று பயந்து, படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். அப்போது உயரத்தில் நூற்றுக்கு 23 பங்கு போகிறது. தியேட்டரில் மறுவெளியீடு என்று ஸ்கோப் அளவுக்கு இழுத்தால் 42 பங்கு போகும். வசனத்தால் மட்டும் நிற்கும் நடிகருக்கு இது ஓரளவு தாங்கும். நாகேஷ் உடம்பு முழுவதாலும் நடித்தவர். ‘அவளுக்கென்ன’ பாட்டில் அவருடைய பாதம் எங்கே விழுகிறது, அதற்கு இடுப்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதுதான் ஆட்டமே. கேமராக்காரர் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வைத்த அந்தச் சட்டகத்தை, அறுபது வருஷம் கழித்து ஒரு பட்டனைத் தட்டி முழங்காலோடு நிறுத்துகிறோம். ‘எதிர் நீச்சல்’ மாதுவை ‘மாடிப்படி மாது’ என்றுதான் ஊரே அழைக்கிறது. அந்தப் படிக்கட்டு அவன் தலைக்கு மேல் அழுத்திக்கொண்டு நிற்பது தெரிந்தால்தான் அவன் எங்கே வாழ்கிறான் என்பது புரியும். மேல் ஓரத்தை வெட்டினால் மாது இருப்பான், மாடிப்படி இருக்காது.

அடுத்தது வேகம். படம் எடுக்கப்பட்டது நொடிக்கு 24 பிரேமில். நம் ஊர்த் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. வீடியோவுக்கு மாற்றும்போது சுலபமான வழி, படத்தை 25ல் ஓடவிடுவது. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறும். பழைய டேப்பிலிருந்து எடுத்த பிரதிகள் பலவற்றில் இந்தக் கோளாறு அப்படியே இருக்கிறது. ‘திருவிளையாட’லில் தருமிக்கும் புலவராக வந்த இறைவனுக்கும் நடக்கும் கேள்வி-பதிலைக் கவனியுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சிவாஜி விடும் இடைவெளியும், அதற்குள் நாகேஷின் முகத்தில் வந்து போகும் சந்தேகமும் பிரேம் கணக்கில் எண்ணி வைத்ததுபோல் இருக்கும். அங்கே ஒவ்வொரு இடைவெளியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினால் சிரிப்பு வரத்தான் செய்யும், ஆனால் அது வேறு சிரிப்பு. ‘தில்லானா மோகனாம்பா’ளில் சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்குச் சுருதி ஏறிவிட்டது என்றால் இசை ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சவடால் வைத்தியின் குழைந்த குரலுக்கும் ஒரு சுருதி உண்டு.

தழும்பு விஷயம் இன்னும் மனதை வருத்துவது. அம்மைத் தழும்புள்ள முகத்தோடு, தாராபுரத்திலிருந்து வந்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே மேடையேறியவர் அவர். அந்த முகத்தை வைத்துக்கொண்டு கதாநாயகனாக நின்றார் என்பதே அவர் வாழ்க்கையின் பாதி. ‘சர்வர் சுந்தர’த்தின் கதையும் அந்த முகத்தின் மேல்தான் நிற்கிறது. பிலிமில் இயல்பாக உள்ள மணல்போன்ற கிரெயினைக் குறைக்கும் மென்பொருள், கிரெயின் எது, தோலின் பள்ளம் எது என்று பிரித்தறியாது. அளவைக் கூட்டிவிட்டால் இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். மிஞ்சுவது மெழுகு முகம். கறுப்பு வெள்ளைப் படங்களில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே தோலின் நுணுக்கம் முழுக்க நிழலில்தான் இருக்கிறது. தூசியையும் கீறலையும் பிரேம் பிரேமாக எடுங்கள். கிரெயினைத் தொடாதீர்கள். ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று யாராவது பாராட்டினால், உடனே நாகேஷின் குளோசப் ஒன்றைப் பெரிய திரையில் நிறுத்தி, கன்னத்தைப் பாருங்கள்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் படங்களின் ஒலி, பிலிமின் ஓரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்தது. அதைப் பார்ப்பவரைச் சுற்றிப் பல திசையிலிருந்து ஒலிக்கும் 5.1 ஆக்குகிறோம் என்று புதிதாக வாசித்த இசையையும் சத்தங்களையும் மேலே பூசுகிறார்கள். ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியில், பயமுறுத்தும் சத்தம் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்துதான் வர வேண்டும். கதவு திறப்பது அவர், காலடி வைப்பது அவர், இசைக் கருவியும் அவர். எதிரே டி.எஸ். பாலையா முகத்தாலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே நிஜமான பேய் இசையைச் சேர்த்தால் அந்த இருவருக்கும் வேலையே இல்லை. இரைச்சல் நீக்கும் கருவியை அதிகம் வைத்தாலும் இதே ஆபத்து. வார்த்தைகளுக்கு நடுவே அவர் உறிஞ்சும் மூச்சு, நாக்கை மடித்து விழுங்கும் பாதி எழுத்து, எல்லாவற்றையும் அது இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். புது ஒலியைச் செய்தே தீர வேண்டும் என்றால் செய்யுங்கள். பழைய ஒற்றைத் தடத்தையும் அதே பிரதியில் தேர்வாக வையுங்கள்.

வெட்டி எடுத்த காமெடித் துண்டுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு நாகேஷ் என்றால் ஐந்து நிமிடத் துண்டு என்று ஆகிவிட்டது. கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’ (1965) மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கதை. அதில் சிரிப்புக் காட்சிகளை மட்டும் உருவி எடுத்தால், எதற்காக அவர் சிரிக்கவைத்தார் என்பது தெரியாமலே போகும். ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) வில்லன். ‘நம்மவ’ரில் (1994) மகளைப் பறிகொடுத்த தகப்பன், தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. அதே 1994ல் ‘மகளிர் மட்டு’மில் பிணம். வசனமும் இல்லை, கண் சிமிட்டலும் இல்லை, மற்றவர்கள் தூக்கித் தூக்கிப் போட, உடம்பின் எடையை மட்டும் வைத்து நடித்தார். தாளத்தை மூச்சாகக் கொண்டிருந்த ஒருவர் அசையாமல் இருந்ததன் அருமை, அவர் அசைந்த படங்களை முழுதாகப் பார்த்தவர்களுக்கே புரியும்.

இனிப் பிலிம் டப்பாக்கள். இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படை.

35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஆயிரம் அடி டப்பாவாகக் கணக்கிட்டால் 14 டப்பா பட நெகட்டிவ், கூடவே தனியாக ஒலி நெகட்டிவ். 1960களின் பிலிம், அசிட்டேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகமாக்கும். அதனால்தான் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கிறது. சென்னையில், குளிர்சாதனம் இல்லாத கிடங்கில், துருப்பிடித்த இரும்பு டப்பாவுக்குள் வைத்தால் இதைவிட நல்ல சூழ்நிலை அந்த அமிலத்துக்குக் கிடைக்காது. பிலிம் சுருங்கும், நெளியும், ஓரம் வெள்ளையாகப் பூக்கும், கடைசியில் ஒட்டிக்கொண்டு பாளமாகிவிடும். ‘காதலிக்க நேரமில்லை’, ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ போன்ற ஈஸ்ட்மன்கலர் படங்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. நிறச்சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலப்பச்சை முதலில் போய், பிரிண்ட் முழுதும் செம்பழுப்பாக மாறிவிடும்.

ஆகவே டப்பாக்களைத் திறந்து பாருங்கள். மூக்கை மட்டும் நம்பாமல், அமிலத்தை அளக்கும் ஏ-டி சோதனைத் தாளை ஒவ்வொரு டப்பாவிலும் போட்டு மூடி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நீலமாகவே இருந்தால் அவசரமில்லை. பச்சைக்குத் திரும்பிவிட்டால் அந்தப் படத்தைப் பட்டியலின் மேலே கொண்டுபோங்கள். மஞ்சள் என்றால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதை ஸ்கேன் செய்யுங்கள். நெடி அடிக்கும் டப்பாவை நல்ல டப்பாக்களோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது, ஆவி பரவும். இரும்பு டப்பாவிலிருந்து காற்றோட்டமுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுவதால் அமிலம் உள்ளேயே தங்கும், அதைச் செய்யாதீர்கள். ‘ஓடுகிறதா பார்க்கலாம்’ என்று பழைய நெகட்டிவைப் புரொஜெக்டரிலோ மோட்டார் ரீவைண்டரிலோ மாட்டவே கூடாது. சுருக்கம் ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே ஓரத் துளைகள் பற்சக்கரத்தோடு பொருந்தாமல் கிழியும். கையால் மெதுவாகச் சுற்றி, கிழிந்த துளைகளை ஒட்டி, பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில்தான் ஏற்ற வேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது சட்டகத்தின் ஓரம் வரை, துளைகளின் விளிம்பு தெரியும்படி முழுதாக எடுங்கள். எங்கே வெட்டுவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கீறல் அதிகமிருந்தால் திரவத்துக்குள் வைத்து எடுக்கும் முறை உண்டு. அடித்தளத்தின் மேலோட்டமான கீறல்கள் அதிலேயே மறைந்துவிடும், பிறகு மென்பொருள் குறைவாகப் போதும். 4கே அளவில் ஒரு பிரேம் சுமார் 50 எம்.பி.; மொத்தம் 2,16,000 பிரேம், ஏறக்குறைய 11 டெராபைட். இதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு மேசை அறையில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. மூன்று பிரதி, அதில் குறைந்தது இரண்டு, எல்டிஓ என்ற கணினித் தகவல் சேமிக்கும் காந்த நாடாவில், ஒன்று வேறு ஊரில். ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும்.

வேலையைத் தொடங்குமுன் அந்தப் படத்தின் தணிக்கைச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அதில் படத்தின் நீளமும் ரீல் எண்ணிக்கையும் இருக்கும். கையிலுள்ள பிலிமை அளந்து ஒப்பிட்டால் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். குறைந்த அடிகளை வெளியூர் விநியோகஸ்தர்களின் பழைய பிரிண்டில் தேடலாம். காட்சி வரிசையைச் சரிபார்க்க அந்தக் காலப் பாட்டுப் புத்தகத்தின் கதைச்சுருக்கமும், பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கத் திரட்டிய தகவல்களும் உதவும்.

அரசுத் துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. ‘சர்வர் சுந்தரம்’, ‘காதலிக்க நேரமில்லை’ ஆகியவற்றுக்கு அது 2024 முடிவோடு தீர்ந்தது. ‘திருவிளையாடல்’, ‘நீர்க்குமிழி’க்கு 2025 முடிவோடு. ‘எதிர் நீச்ச’லுக்கும் ‘தில்லானா’வுக்கும் 2028 வரை. இனி யார் வேண்டுமானாலும் படத்தைப் போடலாம் என்று மகிழ்வதற்குள் இன்னொன்றை யோசியுங்கள். உரிமை போன பிறகு அந்த டப்பாக்களுக்கு வாடகை கட்ட உரிமையாளருக்கு என்ன காரணம் இருக்கிறது? இணையத்தில் பரவும் கெட்ட பிரதி இலவசமாக எங்கும் கிடைக்கும். அசல் நெகட்டிவ் மட்டும் குப்பைக்குப் போகும். ஆகவே, டப்பாக்களை ஒப்படைக்க முன்வரும் குடும்பங்களிடமிருந்து எழுத்து மூலமான உடன்படிக்கையோடு வாங்கிக்கொள்ள ஓர் இடம் தேவை. அங்கே வெப்பநிலை கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குச் சுமார் 10 முதல் 12 டிகிரி செல்சியஸ், வண்ணத்துக்கு 5 டிகிரிக்குள், ஈரப்பதம் 35 சதவீதத்தை ஒட்டி. மின்சாரம் போனாலும் இது மாறக் கூடாது. அதைக் கட்டும்வரை, 1964லிருந்து புனேயில் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பவாவது வண்டியும் காப்பீடும் ஏற்பாடு செய்யுங்கள். குளிர்வசதி இல்லாத லாரியில், மே மாதத்தில் அனுப்பாதீர்கள்.

தொலைக்காட்சி நிலையங்கள் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. பக்கத்தில் கறுப்புப் பட்டையோடு போடுங்கள். தேவையென்றால் படத்துக்கு முன், ‘இது படத்தின் அசல் அளவு’ என்று ஒரு வரி காட்டுங்கள். உங்கள் சின்னத்தைப் படத்தின் மேல் வைக்காமல் அந்தக் கறுப்புப் பட்டையில் வையுங்கள், இடம் தாராளமாக இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபருக்குள், இந்த ஏழு படங்களின் டப்பாக்களை முதலில் பார்த்துவிடுங்கள்: சர்வர் சுந்தரம், காதலிக்க நேரமில்லை, நீர்க்குமிழி, திருவிளையாடல், அனுபவி ராஜா அனுபவி, எதிர் நீச்சல், தில்லானா மோகனாம்பாள். சோதனைத் தாளின் நிறத்தை டப்பா எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள், கையுறையோடு வந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
பிலிம் சுருளோடு வேலை செய்பவர்களும், நாகேஷை முழுதாகப் பார்க்க விரும்புபவர்களும்