பீரோவில் பட்டா, வெளியில் நிலம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறவன் நான். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போன சீசனில் ஒரு மண்டியிலிருந்து போன். அன்று பெங்களூரா ரக மாங்காய் கிலோ 20 ரூபாய். முதல் விவசாயிக்கு 10 சதவீதக் கமிஷன் போக 18 என்று சரியாக வந்தது. அடுத்தவருக்கு 16.20. மூன்றாவதாக நின்றவர் போச்சம்பள்ளிப் பக்கமிருந்து லோடு கொண்டுவந்த பெரியவர், அவருக்கு 14.58. சீட்டை நீட்டி, "ஒரே காய், ஒரே நாள், எனக்கு மட்டும் ஏம்பா குறையுது?" என்று கேட்டிருக்கிறார். புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினால் விலை பழையபடி 20. பெரியவருக்கு அங்கேயே சரிசெய்து கொடுத்தார்கள். இரண்டாவது ஆளைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது.

எழுதியது என்னிடம் புதிதாகச் சேர்ந்த பையன். விலைப் பட்டியல், சி ஷார்ப் மொழியில் தரவை நினைவகத்திலேயே தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரிகேஷில் இருந்தது. அதை எடுத்து, விலை இருந்த அந்த ஆப்ஜெக்டிலேயே, அதாவது அந்தத் தரவிலேயே, கமிஷனைக் கழித்துவிட்டான். கைக்கு வந்தது நகல் என்று நம்பியிருக்கிறான். அந்த கேஷ் நகல் எடுப்பதே இல்லை, ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரெஃபரன்ஸை மட்டும் வைத்துக்கொள்கிறது. பட்டாவை பீரோவில் பூட்டினால் நிலமும் பீரோவுக்குள் வந்துவிடுமா? வெளியில் யார் உழுதாலும் உழுததுதான். ரெடிஸ் என்ற, தனியாக ஓடும் சேமிப்பு மென்பொருளில் வைத்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. அங்கே பைட்டுகளாக மாற்றித்தான் அனுப்புகிறோம், திரும்ப எடுக்கும்போது புது ஆப்ஜெக்ட் உருவாகிறது.

பையன் முதலில் லிஸ்டை நகலெடுத்துப் பார்த்தான். லிஸ்ட் புதிது, உள்ளே இருந்த ஆப்ஜெக்டுகள் அதே பழையவை. அப்புறம் பட்டியலில் உள்ள ஒவ்வொரு விலைப் பதிவையும், உருவான பின் மாற்ற முடியாத ரெக்கார்டாக்கி, கமிஷன் போன தொகையைத் தனி மாறியில் வைத்தோம். இப்போது அந்த விலையில் கைவைத்தால், புரோகிராம் ஓடும் முன்பே அதைச் சரிபார்த்து மாற்றித்தரும் கம்பைலரே தடுத்துவிடும்.

அந்தப் பையன் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவன். ரெஃபரன்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் வரி பிசகாமல் சொல்வான். இரண்டு எண்களை இடம் மாற்றும் புரோகிராமோடு அந்தப் பாடம் அவனுக்கு முடிந்துவிட்டது. தயவுசெய்து லேபில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு லிஸ்டை கேஷில் போட்டு, இரண்டு முறை எடுத்து, ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அச்சிடச் சொல்லுங்கள்.

ஆடி பிறந்தால் எங்களுக்கு மண்டி வேலை குறைந்துவிடும். கூப்பிடுங்கள், பிழையோடு இருந்த அந்தப் பழைய புரோகிராமை எடுத்துக்கொண்டு வருகிறேன். பையனும் வருவான்.