ஓர் ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று கேட்டவளுக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில், “இரவுக்கு ரொட்டியும் பாலும் போதும், ஓர் ஆளுக்கு எதற்கு அடுப்பு?” என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னை விடவே இல்லை. விடுதிச் சாம்பாரில் மிதந்த பூசணிக்காயைப் பார்த்துவிட்டு, “நான் குடித்தனம் வைத்தால் இன்று வைத்த குழம்பை நாளைக்கு வைக்க மாட்டேன்” என்று சொன்னவள் நீ. அண்ணன் இருந்தவரை அப்படித்தான் செய்தாய். உன் வீட்டில் தங்கிய நாட்களில் எட்டு மணிக்குத் தோசைக்கல்லின் சத்தம் கேட்கும். அவருக்கு முறுகலாக, உனக்கு மெத்தென்று. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உனக்குப் பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் இரவு இரவாக என்ன சமைத்தேன் என்று மனத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். இங்கே நாங்கள் மூன்றே பேர்தான். மகள் ஓசூரில் இருக்கிறாள். அத்தைக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. ஆறு மாதத்தில் நான்கு கிலோ இளைத்துவிட்டார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். “நாக்கு செத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்” என்பது அத்தையின் பதில். தினமும் இரண்டு இட்லி வைப்பேன், ஒன்றரையை அப்படியே ஒதுக்கிவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இரவுச் சமையலை மாற்றத் தொடங்கினேன்.

திங்களும் செவ்வாயும் மாவு காப்பாற்றியது. ஞாயிறு மாலை நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் என்று ஆட்டி வைத்துவிடுவேன். முதல் நாள் இட்லி, மறுநாள் கொஞ்சம் புளித்ததும் தோசை. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நீ கடையில் மாவுப் பாக்கெட் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் வாங்கித் தந்த கிரைண்டர் இன்னும் ஓடும்தானே?

புதன்கிழமைதான் உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டிய நாள். சொதி வைத்தேன். இங்கே சொதி என்றால் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்குப் போடும் மறுவீட்டு விருந்து. யாரும் அதை வேலைநாள் இரவில் வைப்பதில்லை. ஆறரைக்கு வீட்டுக்கு வந்து ஒரு தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டு மிக்சியில் அடித்து மூன்று பால் எடுத்தேன். மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கீறிய பச்சை மிளகாய் எல்லாம் வெந்தன. இரண்டாம் பாலோடு குழைந்த பாசிப்பருப்பு. கடைசியாகத்தான் முதல் பால். அதை ஊற்றிய பிறகு கண்ணை எடுக்கக்கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டும். அந்த நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

நுரை கட்டியது, அணைத்தேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஊன்றுகோல் சத்தம். இரண்டு மாதமாகச் சாப்பாட்டுக்கு நான் போய்க் கூப்பிட்டால்தான் அத்தை எழுந்து வருவார். அன்று அவராகவே வந்து அடுக்களை வாசலில் நின்று, “சூட்டோடு பிழிந்துவிடாதே, ஆறட்டும்” என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். சொதி ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்து, தன் மறுவீட்டுச் சொதியில் முருங்கைக்காய் போடவில்லை என்று தன் மாமியார் குறைசொன்ன கதையைச் சொன்னார். முப்பது வருடத்தில் நான் கேட்டிராத கதை. இஞ்சித் துவையலோடு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

வாசனைதான் அவரை எழுப்பியது என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் மத்தியானக் குழம்பைச் சுடவைத்து நேராகத் தட்டில்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுப்பில் ஒன்று வேகிறது, இன்னும் அரைமணியில் சாப்பாடு என்ற எதிர்பார்ப்பே அவருக்கு இல்லாமல் போயிருக்கிறது. ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்தால் உனக்கு என்ன வாசனை வரும், சொல்?

வியாழக்கிழமை ஏழு மணிக்கு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டருக்குப் பதிவு செய்து பதினோரு நாளாகியும் வரவில்லை. இருந்தது ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் அலுமினியக் குக்கர் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். மகள் விட்டுப்போன சின்ன எவர்சில்வர் குக்கரின் அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. ஒரே பாத்திரத்தில் முடிய வேண்டும் என்பதால் கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம்பருப்பு, மகாராஜ நகர் உழவர் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், ஒரு பிடி முருங்கைக்கீரை. தேங்காய், வற்றல் மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்த விழுது. புளிக்கரைசலை மட்டும் பருப்பு வெந்த பிறகே ஊற்றினேன். முதலிலேயே ஊற்றினால் பருப்பு லேசில் வேகாது. வடகம் பொரிக்க மறுபடி அதே அடுப்பில் சின்னச் சட்டி. எட்டரைக்கு மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

வெள்ளிக்கிழமை எனக்கு மாதக் கடைசிக் கணக்கு. எட்டு மணிக்கு வந்தால் இவர் கோதுமை ரவை உப்புமா கிளறி வைத்திருக்கிறார். உப்பு தூக்கல்தான், மோர் விட்டுக்கொண்டோம். எனக்கென்று ஒருவர் அடுப்பு மூட்டி வைத்திருந்த அந்த உப்புமாவைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நேற்று உளுந்தஞ்சோறு. இதை நீ செய்ய வேண்டும் என்பதற்காக ஓர் ஆளுக்கான அளவில் எழுதுகிறேன். அரை ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்குத் தொலி உளுந்து. தொலியைக் கழுவிப் போக்கிவிடாதே, வாசமும் நிறமும் அதில்தான் இருக்கிறது. உளுந்தை வெறும் சட்டியில் வறுத்து மணம் வந்ததும் இறக்கிவிடு. கால் கரண்டி வெந்தயம், ஆறு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்த்துருவல், உப்பு. எல்லாம் சேர்த்து இரண்டரை ஆழாக்குத் தண்ணீர். குழைவாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுத்து, மிளகாய், புளி, தேங்காய், உப்போடு கொரகொரப்பாக அரைத்தால் துவையல் தயார். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுக்கொள். நாம் பெரியவளானபோது இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கொடுத்தார்களே, இப்போது நம் முட்டிக்கும் இடுப்புக்கும் அது இன்னும் அவசியம்.

அத்தை இந்த வாரம் இட்லியை ஒருநாள்தான் மிச்சம் வைத்தார். எடை ஏறியிருக்கிறதா என்று அடுத்த வாரம்தான் பார்க்க வேண்டும்.

தொலி உளுந்து ஒரு கிலோவும் கறுப்பு எள் கால் கிலோவும் நாளைக் காலை தபாலில் போடுகிறேன். கிடைத்த அன்றே செய். எத்தனை மணிக்கு அடுப்பை மூட்டினாய், துவையலில் காரம் சரியாக இருந்ததா என்று எனக்கு எழுது. கோயம்புத்தூரில் உனக்குச் செக்கு நல்லெண்ணெய் கிடைக்கிறதா என்று அத்தை கேட்கச் சொன்னார். இல்லையென்றால் அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லி, பழைய கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி